ஆள் வந்தால் காய்ச்சல் வரும் கார்

எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் புருஷனைப் பற்றிப் புகார் சொல்வார்கள். மீதிப்பேர் கூட்டாளியைப் பற்றி. காரைப் பற்றிப் புகார் கொண்டுவந்த முதல் ஆள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான்.

"கார் நடிக்குதுங்க" என்றார்.

நான் ஆபீஸில் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டேன். இப்படிப் பேசுகிறவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் என் முதலாளி சர்வேயர் மேடம். அடிபட்ட கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்மையைச் சொல்கிற வேலையில் பல வருஷம் இருந்தவர். உண்மையைக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னதால் கம்பெனி மாலை போட்டு அனுப்பிவிட்டது. இப்போது டயர் கடை மாடியில் உட்கார்ந்து துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். நிறுத்தாமல் பேசுகிறேன் என்று மேடம் என்னை ரேடியோ என்று கூப்பிடப்போக, அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

"என்ன நடிப்பு சார்? சோகமா, சிரிப்பா?" என்றேன்.

"காய்ச்சல்" என்றார் அவர், என் கிண்டலைக் கண்டுகொள்ளாமல். "ஹைப்ரிட் வண்டிங்க. பெட்ரோலும் உண்டு, பெரிய பேட்டரியும் உண்டு. மெதுவா போனா பேட்டரியிலயே ஓடும், சத்தமே வராது. வேகம் எடுத்தா இன்ஜின் எழுந்துக்கும். புள்ள மாதிரி வெச்சிருந்தேன். இப்ப விக்கலாம்னா, வாங்க ஆள் வந்தா மட்டும் படுத்துக்குது. பின்னாடி பேட்டரி ஃபேன் ஓன்னு கத்துது. சார்ஜ் கோடு சரசரன்னு இறங்குது. சிவப்பு விளக்கு எரியுது. வந்தவங்க, யோசிச்சு சொல்றோம்னு போயிடறாங்க. மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து ஓட்டினா ஒரு கோளாறும் இல்ல."

"மெக்கானிக் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் மேடம்.

"கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்த்தா பேட்டரி சூடாச்சுன்னு காட்டுதாம். ஓட்டிப் பார்த்தா சூடாகலையாம். எனக்கு மந்திரிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கடைக்காரரின் கண்ணாடி கனமானது. ஊரில் பாதி மூக்கில் கண்ணாடி ஏற்றிவிட்டவர். இப்போது அவருக்கே விழித்திரையில் கோளாறு, இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீடு மேட்டுத் தெருவின் உச்சியில். பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது.

"அதான் காரை வித்துட்டு, கடையையும் வீட்டையும் பூட்டிட்டு பையன்கிட்ட போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அவன் வேற ஊர்ல, அடுக்குமாடியில இருக்கான். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறான்."

"வீட்டுல அம்மா என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லப்போறா? அவகிட்ட எதுக்குக் கேக்கணும்?"

மேடம் பேனாவை மூடினார். அவர் எதையாவது மனதில் குறித்துக்கொண்டால் பேனாவை மூடிவிடுவார். எனக்கு இது புரியவே ரொம்ப நாள் ஆயிற்று.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்லங்க. என் மச்சினன்தான். என் பொண்டாட்டியோட கூடப்பொறந்த தம்பி. பழைய கார் வியாபாரம். பாதி விலைக்கு எனக்கே குடுங்க அத்தான்னு வந்து நின்னான். போடான்னு அனுப்பிட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து. விடிகாலையில அவன் எங்க தெருவுல சுத்தறதை பேப்பர் போடறவர் பார்த்திருக்காரு. அவன்தான்னு மட்டும் நீங்க காட்டிக் குடுங்க. ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த உறவையே வெட்டி விட்டுட்டுப் போறேன். பொண்டாட்டி அழுதாலும் சரி."

மச்சினன் மேல் அவர் வைத்திருந்த பாசம் அந்தக் கோபத்தில்தான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் வாங்க வந்தவர்களைப் போல அவர் வீட்டுக்குப் போனோம்.

"புருஷன் பொண்டாட்டியா போவோமா மேடம்? அப்பதான் நம்புவாங்க."

"நம்ப மாட்டாங்க. நீ பேசற பேச்சுக்கு நான் எப்பவோ விவாகரத்து வாங்கியிருப்பேன்னு யோசிப்பாங்க. அக்கா தம்பியா போவோம். தம்பின்னா யாரும் எதுவும் செய்ய முடியாது."

மேட்டுத் தெரு என்று பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஸ்கூட்டர் பாதி மேட்டில் என்னை இறக்கிவிட்டது. நடந்து வந்து சேர்ந்தபோது மேடம் வாசலில் நின்று இரும்புக் கேட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஊரையே எழுப்புகிற மாதிரி கிறீச்சிட்டது. வீட்டுக் கதவும் அதே சுருதி. ஆனால் நேராகத் தெருவைப் பார்த்துத் திறக்கும் கார் ஷெட்டின் இரட்டைக் கதவைக் கடைக்காரர் தள்ளியபோது சின்ன முனகல்கூட இல்லை. கீலில் புது எண்ணெய் மின்னியது.

கார் சாம்பல் நிறம். வயதானாலும் வாட்டசாட்டம். மேடம் முதலில் பானட் மேல் கையை வைத்தார்.

"ஜில்லுனு இருக்கு. நல்லது" என்றார் என்னிடம். "பழைய கார் பார்க்க வரும்போது இன்ஜின் சூடா இருந்தா, ஆள் வரதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஜில்லுனு இருக்கற இன்ஜின் எழுந்துக்கறப்ப காட்டற உதறலை மறைக்கறதுக்கு."

"சார், வண்டியை எடுத்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டேன்.

"மாசத்துக்கு மேல ஆச்சு. கடைசியா வந்தவங்க போனதுக்கு அப்புறம் தொடவே இல்ல."

மேடம் கார் கதவைத் திறந்து ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் பளிச்சென்று எரிந்தன. மேடத்தின் புருவம் ஏறியது. அப்புறம் குனிந்து சக்கரத்தின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். பிரேக் டிஸ்க் கண்ணாடி மாதிரி இருந்தது. என் தலையைச் சரி செய்துகொண்டேன்.

நான் ஓட்டுகிற இருக்கையில் உட்காரப் போனேன். முட்டி ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டது. சீட் அவ்வளவு முன்னால் தள்ளியிருந்தது. வலியில் காலைத் தேய்த்தபடி கீழே பார்த்தால், ஷெட்டுத் தரையில் சக்கரத்தை ஒட்டி நீல நிறத்தில் ஒரு நேர்கோடு. அடித்து வைத்த மாதிரி நேர்.

அந்தச் சமயம் கடைக்காரரின் மனைவி காப்பி கொண்டுவந்தார். குள்ளமான, சிரித்த முகமுள்ள அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. முன்னறையில் தையல் மெஷினும் தைத்து முடித்த பள்ளிக்கூடச் சட்டைகளும் தெரிந்தன.

"வண்டி வாங்கறது பெரிய விஷயம்மா. சமதரையில ஓட்டிப் பார்த்துட்டு ஏமாந்துடாதீங்க" என்றார் மேடத்திடம், அக்கறையாக. "இன்னும் மேல, தண்ணித் தொட்டி வரைக்கும் மேட்டுல ஏத்திப் பாருங்க. அப்பதான் வண்டியோட லட்சணம் தெரியும்."

"நல்ல யோசனை" என்றார் மேடம்.

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. விற்கிற வீட்டில் இவ்வளவு நேர்மையா என்று காப்பியை ரசித்துக் குடித்தேன். அப்பாவி நான்.

மேடம் ஓட்டினார். பக்கத்தில் கடைக்காரர், பின்னால் நான். முதலில் வண்டி வெண்ணெயாக வழுக்கியது. மேடு செங்குத்தானதும் என் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. குட்டி விமானம் ஒன்று மூச்சு வாங்குகிற மாதிரி. முன்னால் சார்ஜ் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தொட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா. வந்துடுச்சு காய்ச்சல்."

மேடம் ஓரமாக நிறுத்தினார். "சார், இறங்கி பின்னாடி விளக்கு எரியுதான்னு பாருங்களேன்."

அவர் இறங்கின மறு நொடி மேடம் பின்பக்கம் திரும்பி, என் இடுப்போரம் கையை விட்டார். நான் கூச்சத்தில் நெளிந்தேன்.

"நெளியாத. உனக்கில்ல."

பின்சீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கம்பித் தட்டி இருக்கிறது. பெரிய பேட்டரி சீட்டுக்கு அடியில் இருப்பதால், அதைக் குளிரவைக்கக் காற்று போகிற வழி அதுதான். ஹைப்ரிட் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் இங்கேதான் விரலை விட வேண்டுமாம். தூசியும் நாய் முடியும் அடைத்துக்கொண்டால் பேட்டரிக்குப் புழுங்கிப்போகும். மேடம் விரலை விட்டு இழுத்தபோது வந்தது தூசி இல்லை. சீட் நிறத்திலேயே ஒரு சின்னத் துணி மெத்தை. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கடைக்காரர் மறுபடி ஏறினதும் மேடம் வண்டியைத் திருப்பி மெதுவாக இறங்கி வருவதற்குள் ஃபேனின் கூச்சல் தணிந்து, கோடுகள் திரும்ப ஏறின.

"இதென்ன, இறங்கறப்ப சரியாயிடுச்சு?" என்றார் கடைக்காரர்.

"இறக்கத்துல இந்த வண்டி தானே சார்ஜ் ஏத்திக்கும். கெட்டிக்கார வியாபாரி ஆளைக் கூட்டிட்டுப் போகறதே இறக்கத்துலதான்" என்றார் மேடம். "உங்க வீட்டுல மேட்டுல ஏத்தச் சொல்றாங்க. ரொம்ப நல்லவங்க."

டயர் கடை மாடியில் அந்த மெத்தையை மேஜை மேல் வைத்தோம்.

"கேஸ் முடிஞ்சுது" என்றேன். "மச்சினன் இதை வெச்சு அடைக்கறான். ஆள் போனதும் எடுத்துடறான். விலை இறங்குது. பாதி விலைக்கு அவனே வாங்கி, முழு விலைக்கு விப்பான். போலாமா, பில் போடலாமா?"

"இதை நல்லா பாரு."

பார்த்தேன். இரண்டு மடிப்புத் துணி, நடுவில் பஞ்சு. நாலு ஓரமும் உள்ளே மடித்து, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடித் தையல். இழுத்து எடுக்க வசதியாக ஒரு மூலையில் குட்டிக் காது வேறு.

"ஒரு ஓட்டையை அடைக்க உனக்கு என்ன வேணும்?"

"பழைய சாக்ஸ் போதும்."

"போதும். ஆனா சாக்ஸ்ல நூல் பிரியும். பிரிஞ்ச நூலை ஃபேன் இழுத்துக்கிட்டா வண்டி நிஜமாவே கெட்டுப்போகும். இந்த ஆள் ஓரம் மடிச்சுத் தச்சிருக்காங்க. வண்டிக்குக் காய்ச்சல் வரணும், ஆனா உடம்பு கெடக்கூடாதுன்னு நினைக்கற ஒரு எதிரி. நீ இப்படி ஒரு எதிரியைப் பார்த்திருக்கியா?"

"எங்க மாமியார் இருக்காங்க."

மேடம் சிரிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வா, மச்சினனைப் பார்த்துட்டு வருவோம்."

மச்சினனின் பழைய கார் வியாபாரம் ஒரு காலி மனையில் நடந்தது. துவைத்து நிறுத்திய கார்களுக்கு நடுவே அவரும் ஒரு கார் அகலத்துக்கு நின்றார். ஆறடிக்கு மேல் ஆள். சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது. அந்த இடத்தில் பேப்பர் குத்துகிற ஸ்டேப்ளர் பின் அடித்து இணைத்திருந்தார்.

மேடம் மெத்தையை ஒரு பானட் மேல் வைத்தார்.

மச்சினன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பேட்டரிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் முதல் கேள்வியாக.

"ஆகல. யார் தச்சது?"

"நான்தான்" என்றார், சட்டென்று. "நானேதான் தச்சேன். தப்பு என்னுதுதான். அத்தான்கிட்ட அப்படியே சொல்லிடுங்க."

என் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்ட குற்றவாளியைப் பார்த்ததில்லை. கை கொடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். மேடம் கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் ஒரு பொத்தானும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இந்தப் பொத்தானை வெச்சுத் தைங்க."

அவர் நூலை எச்சில் பண்ணினார். ஊசியை வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஒற்றைக் கண்ணை மூடினார், அப்புறம் மற்றொன்றை. ஒருவழியாகக் கோத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்து முடித்து நிமிர்ந்தபோது, சட்டையின் முன்பக்கமும் உள்பனியனும் சேர்ந்து ஒன்றாகியிருந்தன.

"அழகு. இனிமே ரெண்டையும் சேர்த்தே கழட்டலாம்" என்றேன்.

அந்தப் பெரிய உடம்பு தொய்ந்தது. "மேடம், ஞாயித்துக்கிழமை வரைக்கும் அத்தான்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. சனிக்கிழமை தாண்டட்டும், போதும்."

"சனிக்கிழமை என்ன?"

அவர் பனியனைப் பிரித்தெடுப்பதில் மும்முரமானார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மூளையைக் கசக்கினேன். "புரிஞ்சுடுச்சு மேடம். விடிகாலையில மச்சினன் வண்டியை எடுத்துட்டுப் போய் வாடகைக்கு ஓட்டறாரு. அதுக்கு அக்காவும் உடந்தை. ஹைப்ரிட்னா பெட்ரோல் மிச்சம். நல்ல லாபம்."

"வாடகைக்கு ஓடின காருன்னா பின்சீட்டும் பின்கதவு கைப்பிடியும் தேஞ்சிருக்கும். இதுல பின்சீட் புதுசு மாதிரி இருக்கு. ஆனா வண்டி தினமும் ஓடுதுன்னு கண்டுபிடிச்ச பாரு, அது சரி. எப்படித் தெரியும்?"

"தெரியல மேடம். சும்மா அடிச்சு விட்டேன்."

"ஹைப்ரிட்ல ரெண்டு பேட்டரி. எல்லாரும் பெருசைப் பார்த்துப் பயப்படுவாங்க. ஆனா ஓட்டாம நிறுத்தி வெச்சா முதல்ல சாகறது விளக்கு எரிய வைக்கற சின்ன பேட்டரிதான். மாசத்துக்கு மேல தொடாத வண்டி எப்படித் தொட்டதும் எழுந்துக்கும்? ரெண்டாவது, பிரேக். இந்த வண்டி வேகத்தைக் குறைக்கறப்ப பெரும்பாலும் மோட்டாரே பிடிச்சு நிறுத்திடும். டிஸ்க்குக்கு வேலை கம்மி. பழகினவங்க ஓட்டினா அதுல துருகூடப் படியும். இதுல முகம் பார்க்கலாம். அப்படின்னா?"

"யாரோ பிரேக்கைப் போட்டு மிதிக்கறாங்க."

"தினமும். பயந்து பயந்து. நாளைக்கு விடியறதுக்குள்ள தெருவுக்கு வந்துடு. கடைக்காரரை பின்வாசல் வழியா கூட்டிட்டு வந்து கீழ் வளைவுல நிறுத்து. அவர் வீட்டுல அம்மா சீக்கிரமே எழுந்து தைக்க உட்கார்ந்துடுவாங்கன்னு அவரே சொன்னாரு, சத்தம் போடாத. உன்னால முடியுமா?"

"முயற்சி பண்றேன். வாயில துணி மெத்தை வெச்சுக்கறேன்."

கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. கடைக்காரர் ஸ்வெட்டர் போட்டு, கையில் தடியோடு வந்திருந்தார். மச்சினனுக்காக எடுத்துவந்த தடி.

"கண்ணுதான் போச்சு. காது பாம்பு காது" என்றார் என்னிடம் கிசுகிசுப்பாக. "என் ஷெட்டுலேர்ந்து ஒரு ஆணி உருண்டாக்கூட எனக்குக் கேட்டுடும். இத்தனை நாள்ல ஒரு சத்தம் கேட்டதில்ல."

"சார், உங்க வண்டி வந்துட்டு இருக்கு" என்றேன்.

"எங்க? சத்தமே இல்லையே."

சத்தமே இல்லைதான். சாம்பல் கார் இன்ஜினை எழுப்பாமல், வெறும் பேட்டரியில், பூனை நடையாக மேட்டிலிருந்து இறங்கி வந்தது. ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் பக்கத்தில் வந்து வெடுக்கென்று நின்றது. ஒரு முறை தலையாட்டிவிட்டு மறுபடி நகர்ந்தது. வெடுக். நகர்வு. வெடுக்.

"டிஸ்க் பளபளப்பு" என்றார் மேடம் மெதுவாக.

சமதரைக்கு வந்ததும் கார் திரும்ப ஆரம்பித்தது. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், அப்புறம் முன்னே. ஓரக்கல்லை உரசவில்லை. முழுசாகத் திரும்பி முடித்தபோது உள்ளேயிருந்து யாரோ கைதட்டுகிற சத்தம் கேட்டது.

கடைக்காரருக்கு அது வெறும் சாம்பல் புகையாகத்தான் தெரிந்திருக்கும். தடியை இறுக்கினார். "யார் ஓட்டறது? அவன்தானே?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ரேடியோவுக்கு முதல் முறையாக ஸ்டேஷன் கிடைக்கவில்லை.

"உங்க மச்சினன் பக்கத்து சீட்ல இருக்காரு" என்றார் மேடம். "கைதட்டறது அவர்தான்."

"அப்ப ஓட்டறது?"

"ஓரம் மடிச்சுத் தைக்காம ஒரு துண்டுத் துணியைக்கூடக் கீழ வைக்கத் தெரியாதவங்க. கதவுக் கீலுக்கு தையல் மெஷின் எண்ணெய் விட்டவங்க. துணியில கோடு போடற சாக்பீஸால ஷெட்டுல கோடு போட்டு வெச்சிருக்கவங்க."

கடைக்காரர் தடியைக் கீழே போட்டுவிட்டு நடு ரோட்டுக்குப் போனார். கார் அவருக்கு முன்னால் வந்து, இந்த முறை வெடுக்கென்று இல்லாமல், அழகாக நின்றது. கார் ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"என்னங்க இது, ரோட்டு நடுவுல நிக்கறீங்க. நான் புதுசா ஓட்டறவ" என்றார் அவர் மனைவி.

"நீயா?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"வீட்டைப் பூட்டிட்டுப் போறதுக்கு நீங்க யாரைக் கேட்டீங்க?"

மச்சினன் சீட்டுக்குள் முடிந்தவரை சுருங்கினார், ஆனால் சுருங்குவதற்கு நிறைய இருந்தது. அந்த அம்மா ஸ்டியரிங்கை விடாமல் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"ஓட்ட ஆள் இல்லைன்னுதானே போறோம்னீங்க. சரி, ஓட்டக் கத்துக்கலாம்னு தம்பியைப் பிடிச்சேன். முன்னாடியே சொன்னா சிரிப்பீங்க. லைசென்ஸை வாங்கிட்டு வந்து உங்க கையில குடுக்கலாம்னு இருந்தேன். சனிக்கிழமை டெஸ்ட். அதுக்குள்ள யாராவது வாங்கிட்டுப் போயிட்டா நான் எதுல கத்துக்கறது?"

"அதுக்கு பேட்டரியை அடைப்பியா? அதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான். துணிப்பையை அங்க வைக்காத, பேட்டரிக்கு மூச்சு முட்டும், ஃபேன் கத்தும், சிவப்பு விளக்கு எரியும்னு வண்டி வாங்கின நாள்லேர்ந்து திட்டிக்கிட்டே இருந்தீங்களே. மனப்பாடம் ஆயிடுச்சு."

"அப்ப இவன் பாதி விலைக்குக் கேட்டது?"

"அது அக்கா காசு அத்தான்" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "அவங்க தச்சு சேர்த்து வெச்சது. என் பேர்ல வாங்கி உங்க ஷெட்டுலயே விடச் சொன்னாங்க. இருந்தது அவ்வளவுதான்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது ஈரமானது. தன் சொந்தக் காரைத் தன் மனைவி திருட்டுத்தனமாகத் தன்னிடமிருந்தே வாங்கப் பார்த்திருக்கிறாள் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அவமானமாக இருந்திருக்க வேண்டும். அதற்குமேல் பெருமையாக இருந்தது. இரண்டும் அவர் முகத்தில் மாறி மாறித் தெரிந்தன.

"எனக்கு மட்டும்தான் கண்ணு தெரியலைன்னு நினைச்சேன். புத்தியும் சேர்ந்து போயிருக்கு" என்றார். பிறகு குனிந்து உள்ளே பார்த்து, "மச்சான், உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்டா."

"பரவால்ல அத்தான். தடியைக் கீழ போட்டீங்களே, அதுவே போதும்."

"டெஸ்ட்டுல ரிவர்ஸ் கேப்பாங்களா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"கேப்பாங்க. அதுதான் எனக்கு வரவே மாட்டேங்குது. ஷெட்டுல கோடு போட்டு வெச்சும் கோணிக்குது."

"கண்ணாடியைப் பார்த்து, முதல்ல ஒரு கை திருப்பணும். எல்லாரும் ரெண்டு கை திருப்பிடுவாங்க. அங்கதான் தப்பு வரும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ பாஸாயிட்டா பையனை வர வேண்டாம்னு சொல்லிடணும்."

"பார்க்கறதுக்கு வரட்டும். கூட்டிட்டுப் போகத்தான் வர வேண்டாம்."

மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். போகலாம் என்று அர்த்தம். நான் நகரவில்லை. ரேடியோவை யாரும் பாதி நாடகத்தில் அணைக்கக் கூடாது.

"இரு, நானும் வரேன். ரிவர்ஸ் எப்படின்னு சொல்றேன்" என்றார் கடைக்காரர். மச்சினன் இறங்கிப் பின்சீட்டுக்கு மாறிக்கொண்டார். கடைக்காரர் காரின் உடம்பைத் தடவிக்கொண்டே, அத்தனை வருஷப் பழக்கத்தில், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஏறுவதற்கு ஒரு காலையும் தூக்கிவிட்டார்.

அந்த அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இருந்த இடத்தை விட்டு அசையாமல் அவரைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம்" என்றார்.

அவர் காலைக் கீழே வைத்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். பிறகு பானட்டைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார், அந்தப் பக்கம்.